கிராமத் தன்னிறைவும் நமது வட்டாரமும்

ஜூபிலி மலரில் வரலாறு எழுதப் புகுவோர் ஆலயம் எழுந்த விதத்தையும் பங்குக் குருக்களின் வரிசையையும் சொல்லி நிறைவு செய்வதே வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். ஈண்டு நாம் எழுத விழைவது, நமது ஆலய மணியோசை கேட்கும் ஊர்களின் பிழைப்பைப் பற்றி. அயலாரிடம் கையேந்தாமல் ஓர் ஊர் தன் காலில் நிற்க இயலுமா என்னும் கேள்வி இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்குப் புதியதன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழும் நமக்கு முதல் பொதுச் சொத்து கண்மாய். ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலைச் செதுக்குவதும், கரையை உயர்த்துவதும், மடையையும் கலிங்கையும் சீர்செய்வதும் ஊராரின் கடமையாயிருந்தன. கோடையில் அள்ளிய கரம்பை மண் வயலுக்கு உரமாயிற்று. மடை திறப்பதற்கும் முறை வைத்து நீர் பாய்ச்சுவதற்கும் ஓர் ஆள் இருந்தார். அவருக்குக் களத்திலேயே கூலி நெல் அளக்கப்பட்டது. இதுவே குடிமராமத்து. பிரிட்டிஷ் ஆட்சியில் இவ்வழக்கம் தளரவே, 1858-இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. மனமுவந்து செய்ததைச் சட்டத்தால் வாங்க முடியவில்லை. தமிழக அரசு 2017-இல் அதே பெயரில் கண்மாய்ப் பராமரிப்பைப் புதுப்பித்ததைப் பலரும் அறிவீர்கள்.

பழைய கிராமத்தைப் பொற்காலமெனப் புகழ நமக்கு மனம் வரவில்லை. கரையில் மண் சுமந்தவனுக்கு ஆயக்கட்டில் ஒரு செண்டு நிலமும் இராது. மடையைக் காத்த குடும்பமே பொதுக் கிணற்றில் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டது. நம் பங்கு மக்களில் பலரது பாட்டனார் இதை அனுபவித்தவர்கள். ஊரில் பாதிப் பேரைச் சேரிக்கு ஒதுக்கிவிட்டு அடைந்த தன்னிறைவு எவருடைய தன்னிறைவு?

இக்கேள்வியை நெஞ்சில் தாங்கிய பெரியார் ஒருவர் தம் இறுதி ஆண்டுகளை நமக்கு மிக அருகில் கழித்தார். அவர் ஒரு கிறிஸ்தவர். குருமடத்தில் நாம் சமூகப் போதனை பயின்றபோது, 1891-ஆம் ஆண்டின் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலைத் திரும்பத் திரும்பப் படித்தோம். ஆனால் அடுத்த ஆண்டே தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்நேலியு என்பாரைப் பற்றி எவரும் நமக்குச் சொல்லவில்லை. ஜே. சி. குமரப்பா என்று உலகம் அறிந்தது அவரையே.

இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றுப் பம்பாயில் தொழில் நடத்தியவர். கோட்டும் சூட்டும் அணிந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பயின்றபோதுதான் இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கிலேயரின் வரிக்கும் உள்ள உறவு அவருக்குப் புலப்பட்டது. 1929-இல் சபர்மதியில் காந்தியடிகளைக் கண்டார். அடிகள் அவரைக் குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பி, வீடு வீடாக வரவு செலவு விசாரித்து எழுதச் செய்தார். 1934 இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது வார்தாவில் அதை நடத்தும் பொறுப்பு அவருக்கே வந்தது. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் ஆகியவையே அச்சங்கத்தின் வேலைகள். கருப்பட்டி காய்ச்சும் நம் கரிசல் மக்களுக்கு இவற்றின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

சிறையிலிருந்தபோது அவர் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே சிந்தை எழுதியது என்பதை நாம் மறக்கலாகாது. ஆட்டை அடித்துத் தின்னும் புலியும், தோப்பில் உழைக்காது பழம் பறிக்கும் குரங்கும், தன் கூட்டுக்காக உழைக்கும் தேனீயும், கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையும் அவர் காட்டும் பொருளாதாரப் படிகள். வளர்ச்சி முழு மனிதனுக்கும் உரியது எனத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967-இல் உலகுக்கு எழுதுமுன், இவர் அதே திசையில் வெகு தூரம் நடந்துவிட்டார். உப்புச் சத்தியாக்கிரக நாளில் ஆங்கிலிக்கன் பேராயருக்கே கண்டனக் கடிதம் எழுதியவர் அவர். திருச்சபைகள் அவரைக் கொண்டாடாததில் வியப்பில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் தே. கல்லுப்பட்டி இருக்கிறதல்லவா? அங்கே 1940-இல் கோ. வெங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமமே 1950-களில் குமரப்பாவுக்கு வீடாயிற்று. காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில், 1960-இல், அவரும் மறைந்தார்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1946-இல் பிரகாசம் முதல்வராயிருந்தபோது சென்னை மாகாணத்தில் 34 பிர்க்காக்களில் பிர்க்கா அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. உணவிலும் உடையிலும் ஊர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வது அதன் நோக்கம். 1950-இல் அது மேலும் 50 பிர்க்காக்களுக்கு விரிந்தபோது முதல்வர், நம் இராஜபாளையத்துப் பி. எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1952 அக்டோபர் 2-இல் சமூக வளர்ச்சித் திட்டம் வந்தது. சாலையும் பள்ளியும் கிணறும் கிடைத்தன. எனினும் எது தேவை என்று முடிவு செய்யும் இடம் ஊர்ச் சாவடியிலிருந்து அலுவலகத்துக்கு மாறிற்று என்பதே நம் கருத்து. 1956-57-இல் வினோபா பாவே தமிழகமெங்கும் கால்நடையாய்ச் சென்றார். மதுரை மாவட்டத்தில் பல சிற்றூர்கள் கிராமதானமாயின. நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுப்பது எளிது, நீரும் ஏரும் வித்தும் சேர்ப்பதே கடினம் என அது காட்டியது.

மறுபுறம், 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை நிறுவினார். ஆலைச் சம்பளம் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறிட்டது. அதை இகழ மாட்டோம். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணி பல ஊர்களின் புண்ணைக் கட்டுகிறது.

ஆயினும் குமரப்பாவின் எண்ணத்துக்கு மிக நெருங்கியதாக நாம் காண்பது பால் கூட்டுறவுச் சங்கத்தையே. நிலமில்லாத கைம்பெண்ணுக்கும் ஒரு பசு இருக்கலாம். அது கண்மாய்க் கரையிலும் அறுத்த தாளிலும் மேயும். காலையும் மாலையும் அவள் கொண்டுவரும் பால் அளந்து கணக்கில் ஏறுகிறது. எந்தத் தெருவின் பால் என்று செம்பு கேட்பதில்லை. மிஞ்சிய பாலைச் சுண்டக் காய்ச்சினால் சில நாள் கெடாது. அதுவே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆண்டாள் கோயிலுக்கு வரும் வெளியூரார் வாங்கிச் செல்லும் அந்தப் பொட்டலத்தில் நம் பங்கு வீடுகளின் பாலும் சேர்ந்திருக்கிறது.

காந்தி நிகேதன் ஆசிரமம் இன்றும் கல்லுப்பட்டியில் இருக்கிறது. மதுரைப் பேருந்து அங்கே நின்றுதான் செல்லும்.