கணியம்பாடிக்கு வரும் நர்ஸை அனுப்புவது யார்? 'ஊழியம்' சபைக்குச் சொந்தமா, தனி அமைப்புக்கா? முழு விளக்கம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், பாகாயத்தைத் தாண்டினால் கணியம்பாடி. இந்த ஒன்றியத்தின் கிராமங்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் சமுதாய நலத்துறை டாக்டர்களும் நர்ஸ்களும் பல பத்தாண்டுகளாக வந்து போகிறார்கள். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, சுகர், பிரஷர் என வேலை நடக்கிறது.

இன்னொரு பக்கம் ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் வருபவர் சபையின் போதகர்.

இந்த இரண்டு வேலைகளையுமே கிறிஸ்தவர்கள் 'ஊழியம்' என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள். ஆனால் போதகரை அனுப்புவது சபை. நர்ஸை அனுப்புவதோ எந்த ஒரு சபைக்கும் தனியாகச் சொந்தமில்லாத அமைப்பு. அப்படியென்றால் ஊழியம் யாருடைய பொறுப்பு? காணிக்கை யாருக்குப் போக வேண்டும்? தப்பு நடந்தால் யாரிடம் கேட்பது?

முதலில், என்ன வித்தியாசம்?

சபை என்பது ஒரு ஊரில் கூடி வழிபடும் மக்கள். தென்னிந்திய திருச்சபை (சி.எஸ்.ஐ.) போன்றவற்றில் பல சபைகள் சேர்ந்து பேராயம், அதற்குத் தலைவர் பேராயர். உறுப்பினர்களுக்கு ஓட்டு உண்டு. போதகருக்கு டிரான்ஸ்ஃபர் உண்டு.

தனி அமைப்பு என்பது மருத்துவம், நற்செய்தி அறிவிப்பு, பைபிள் மொழிபெயர்ப்பு, குழந்தைகள் நலன் என்று ஏதாவது ஒரு வேலைக்காக மட்டும் உருவாவது. சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்வார்கள். பல சபைகளைச் சேர்ந்தவர்கள் அதில் வேலை செய்யலாம், பணம் கொடுக்கலாம். ஆனால் பணம் கொடுப்பவர்களுக்கெல்லாம் அங்கே ஓட்டு கிடையாது.

சி.எம்.சி. எந்த வகை?

ரெண்டுக்கும் நடுவில் இருப்பது. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை பகுதியில் 1853-ல் அமெரிக்கன் ஆற்காடு மிஷனைத் தொடங்கியவர்கள் ஸ்கடர் குடும்பத்து சகோதரர்கள். அதே குடும்பத்தில் வந்த டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதற்கு ஒரு மிஷனின் பணம் போதவில்லை. பல மிஷன்கள் கைகோத்தன.

பிறகு இந்தப் பள்ளி எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். இன்று இதை நடத்துவது பல திருச்சபைகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் உறுப்பினராக இருக்கும் ஒரு சங்கம். சி.எஸ்.ஐ. வேலூர் பேராயம் உருவானதே 1976-ல்தான். அதாவது பேராயத்தைவிட ஆஸ்பத்திரிக்கு வயசு அதிகம்!

ஆம்பூர், திருப்பத்தூரில் எப்படி?

தோல் தொழில் நடக்கும் இதே பெல்ட்டில் வேறு மாடல்களும் இருக்கின்றன. ஆம்பூர் பெதஸ்தா மருத்துவமனையைத் தொடங்கியது மிசௌரி லுத்தரன் மிஷன். அந்த மிஷனின் பணியிலிருந்து உருவான இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோடு சேர்ந்தது அது. ஒரே சபை, அதன் கீழ் ஆஸ்பத்திரி.

திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியை 1951-ல் தொடங்கியவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் சலேசிய சபையினர். கத்தோலிக்க முறையில் துறவற சபைகளுக்கு சொந்த நிர்வாகம் உண்டு. ஆனால் ஒரு மறைமாவட்டத்தில் புதிதாக இல்லம் தொடங்க அந்த மாவட்ட ஆயரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அவர்களுடைய சட்டமே சொல்லிவிடுகிறது. புராட்டஸ்டன்ட் அமைப்புகளுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. சண்டை அதிகம் வருவதும் அதனால்தான்.

ரெண்டு மாடலுக்கும் காரணமான ஒரே தமிழர்

இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாத பெயர் வே. ச. அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் முக்கியத் தலைவர்களில் ஒருவர். அது திருநெல்வேலி திருச்சபையின் சொந்த மிஷன். இரண்டே வருஷத்தில், 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோதும் அவர் முன்வரிசையில் நின்றார். அது எல்லா சபையினருக்கும் பொதுவானது.

இரண்டிலும் கொள்கை ஒன்றுதான்: இந்தியர்கள், இந்தியப் பணம், இந்தியத் தலைமை. 1909-ல் அசரியா எதைத் தேர்ந்தெடுத்தார்? சபையின் மிஷனரியாக தோர்ணக்கல் போனார். 1912-ல் அங்கேயே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

டெல்லியில் எடுத்த முடிவு

உலக அளவிலும் இதே கேள்விதான். மிஷன் சங்கங்களின் கூட்டமைப்பான சர்வதேச மிஷனரி மன்றம், 1961-ல் புதுடெல்லியில் உலகத் திருச்சபைகள் மன்றத்தோடு இணைந்தது. 'மிஷன் என்பது திருச்சபையின் வேலையே, தனியாக நடப்பதல்ல' என்பதுதான் இதன் அர்த்தம். இணைப்பை நடத்தி முடித்த பொதுச் செயலாளர் லெஸ்லி நியூபிகின், முன்பு மதுரை-ராமநாதபுரம் பேராயராக இருந்தவர். பின்னாளில் சென்னைப் பேராயரும் ஆனார்.

ஆனால் அதோடு தனி அமைப்புகள் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் பிறந்த நண்பர் சுவிசேஷ ஜெபக் குழு போன்றவை அதன்பிறகுதான் பெரிதாக வளர்ந்தன. பல சபைகளைச் சேர்ந்த தமிழர்களின் காணிக்கையில் வட மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்பி, அங்கு உருவாகும் சபைகளை ஏற்கெனவே இருக்கும் திருச்சபைகளிடம் ஒப்படைப்பது அதன் வழக்கம்.

இரு தரப்பும் என்ன சொல்கின்றன?

*சபை தரப்பு:*
• அமைப்பு வரும், போகும். பிறப்பிலிருந்து இறப்பு வரை கூட இருப்பது சபைதான்.
• சபையில் கேள்வி கேட்க கமிட்டி இருக்கிறது. தனி ஊழியத்தில் தலைவர் குடும்பமே டிரஸ்டிகளாக இருந்தால் யார் கேட்பது?
• உறுப்பினர்களின் காணிக்கை வெளியே போனால் ஊர் சபை நலிந்துவிடும்.

*அமைப்பு தரப்பு:*
• மருத்துவக் கல்லூரி நடத்துவது ஒரு ஊர் சபையால் முடிகிற காரியமா?
• சபை எல்லையைத் தாண்டி, தேவை எங்கே இருக்கிறதோ அங்கே போக முடியும்.
• சபையில் ஓட்டு இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. சி.எஸ்.ஐ. மாடரேட்டர் தேர்தல் விவகாரமே உச்ச நீதிமன்றம் வரை போனது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊழியம் யாருக்குச் சொந்தம் என்று சட்டம் சொல்வதில்லை. அரசியல் சாசனத்தின் 26-வது பிரிவு மதப் பிரிவுகளுக்கு சொந்த நிர்வாக உரிமையையும், 30-வது பிரிவு சிறுபான்மையினருக்கு கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையையும் தருகிறது.

பணம் என்று வரும்போதுதான் கெடுபிடி. வெளிநாட்டு நிதி வாங்க சபையானாலும் அமைப்பானாலும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு தேவை. 2020 திருத்தத்தின்படி ஒருவர் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. பெரிய அமைப்பு வாங்கி, சின்ன சபைக்குக் கொடுக்கும் பழைய வழி அதோடு அடைந்தது.

அதற்கு முன்பே ஒரு பெரிய அடி விழுந்தது. உள்ளூர் சபைகள் வழியாகவே குழந்தைகளுக்கு உதவி வந்த அமெரிக்காவின் 'கம்பாஷன் இன்டர்நேஷனல்', பணம் அனுப்ப மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமானதால் 2017 மார்ச்சில் இந்தியாவில் வேலையை நிறுத்தியது. 1.4 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு உதவி நின்றது.

சபையும் அமைப்பும் சேரும் இடம்

சி.எம்.சி.யில் இரண்டையும் இணைக்கும் பாலம் 'ஸ்பான்சர்' முறை. ஒரு திருச்சபை மாணவரை ஸ்பான்சர் செய்யும். படித்து முடித்ததும் அவர் தேவையுள்ள மிஷன் ஆஸ்பத்திரியில் 2 வருஷம் வேலை செய்ய வேண்டும். கிராமத்துக்கு டாக்டர் கிடைப்பது இப்படித்தான்.

நீட் வந்தபோது இந்தப் பாலம் ஆட்டம் கண்டது. தாங்களே மாணவர்களைத் தேர்வு செய்யும் உரிமை போகிறது என்று கல்லூரி வழக்குப் போட்டது. 2017-ல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒரு மாணவர்தான் சேர்க்கப்பட்டார். நீட் சிறுபான்மை உரிமையைப் பறிக்கவில்லை என்று 2020 ஏப்ரல் 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காணிக்கை கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

சபையோ அமைப்போ, இவற்றைக் கேட்பதில் தப்பே இல்லை:

1. பதிவு செய்திருக்கிறார்களா? சங்கமா, டிரஸ்டா?
2. தணிக்கை செய்த வருடக் கணக்கைக் காட்டுவார்களா?
3. நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள் இருக்கிறார்களா?
4. ஊழியம் நடக்கும் ஊரின் சபைக்கு இந்த வேலை தெரியுமா? அமைப்பு போன பிறகு யார் தொடர்வார்கள்?

வேலூரின் 100 வருஷ அனுபவம் காட்டுவது இதைத்தான். ஒரு சபையால் தாங்க முடியாத வேலைக்கு அமைப்பு தேவைப்பட்டது. அந்த அமைப்பு ஒரு தனி ஆளின் சொத்தாகாமல் நின்றதற்குக் காரணம், பல சபைகள் அதில் உட்கார்ந்து கேள்வி கேட்க முடிந்ததுதான். எனவே 'சபையா, அமைப்பா' என்பதைவிட, 'யாருக்குக் கணக்கு சொல்கிறார்கள்' என்று கேட்பதே காணிக்கை கொடுப்பவருக்கும் கணியம்பாடியில் காத்திருக்கும் நோயாளிக்கும் பாதுகாப்பு.