மும்பை நடைபாதைவாசிகளின் வீட்டுரிமை முயற்சி

மும்பையின் நடைபாதைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள், நிலையான வீடு கோரி 1980-களின் நடுவிலிருந்து மேற்கொண்ட கூட்டு முயற்சி, வீடற்றோர் சிக்கலுக்கு அவர்களே தீர்வு தேடியதற்கு இந்தியாவில் கிடைக்கும் முதன்மையான சான்றாகும். இம்முயற்சியை மூன்று அமைப்புகள் சேர்ந்து நடத்தின. ஜோக்கின் அற்புதம் 1974-இல் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு ஒன்று. ஷீலா படேலும் தோழர்களும் 1984-இல் நிறுவிய ‘ஸ்பார்க்’ தொண்டு நிறுவனம் மற்றொன்று. 1986-இல் நடைபாதைப் பெண்கள் அமைத்த ‘மகிளா மிலன்’ மூன்றாவது. வீடு கட்ட நிலமும் பணமும் அரசிடம்தான் உள்ளன. ஆனால் யாருக்கு, எங்கே, எப்படிப்பட்ட வீடு என்பதைக் குடியேறப் போகிறவர்கள் தீர்மானிக்காத இடத்தில், கட்டிய வீடு வீடற்ற நிலையைத் தீர்ப்பதில்லை. இதுவே இந்த முயற்சியின் நாற்பதாண்டு வரலாறு தரும் பாடம்.

பின்னணி

துறைமுகமும் பஞ்சாலைகளும் மொத்த வணிகச் சந்தைகளும் மும்பைக்கு ஆட்களை அழைத்தன. அவர்கள் தங்க இடம் தரவில்லை. கூலிக்காரருக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சமாக வேண்டும், விடியற்காலையில் வேலை நடக்கும் இடத்தில் இருக்கவும் வேண்டும். அதனால் பைகுல்லா, நாக்பாடா போன்ற நகர மையப் பகுதிகளின் நடைபாதைகளில் குடிசைகள் எழுந்தன. 1981-இல் மகாராஷ்டிர முதல்வர் ஏ. ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்திச் சொந்த ஊர்களுக்கே திருப்பி அனுப்ப உத்தரவிட்டார். அதை எதிர்த்துத் தொடரப்பட்ட ஒல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று அத்தீர்ப்பு ஏற்றது. ஆயினும் முன்னறிவிப்புக் கொடுத்து நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் கூறியது. அரசியல் சட்ட வரலாற்றில் அது மைல்கல். நடைபாதையில் படுத்திருந்தவர்களுக்கோ அடுத்த நாள் காலையும் அதே அச்சத்தோடுதான் விடிந்தது.

இந்த இடைவெளியை ஜோக்கின் அற்புதம் முன்பே அனுபவித்திருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான அவர், இளமையிலேயே மும்பைக்கு வந்து ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் வாழ்ந்தார். குப்பை அள்ள நகராட்சி வராதபோது, பகுதிச் சிறுவர்களைத் திரட்டி அந்தக் குப்பையை நகராட்சி அலுவலக வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டினார். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக அக்குடியிருப்பை அகற்ற அரசு முற்பட்டபோது பல ஆண்டுகள் வழக்காடியும் போராடியும் பார்த்தார். 1976-இல் ஏறத்தாழ 70,000 பேர் சீட்டா கேம்ப் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். வழக்கும் போராட்டமும் இடிப்பைத் தள்ளிப்போட்டன. மாற்றுத் திட்டம் ஒன்றை மக்கள் கையில் வைத்திராததால், எங்கே போவது என்பதை அரசே முடிவு செய்தது. பிற்காலக் கூட்டமைப்பு திட்டத்தை முதலில் தயாரித்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குச் சென்றதற்கு இந்தத் தோல்வியே காரணம் எனலாம்.

கணக்கெடுப்பும் சேமிப்பும்

முதற்பணி தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்வது. 1985-இல் ஸ்பார்க், நடைபாதைவாசிகளின் உதவியோடு 6,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்து, ‘கண்ணுக்குத் தெரியாத நாங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. நடைபாதைவாசிகள் நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்ற பொது நம்பிக்கையை அது உடைத்தது. பலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே இடத்தில் இருந்தனர். பெரும்பாலோர் நடந்தே வேலைக்குச் சென்றனர். ஓர் அரசுத் துறை எடுக்கும் கணக்கு இடிப்புக்கான பட்டியலாக முடியலாம். மக்கள் எடுத்த கணக்கு, வீடு ஒதுக்கும்போது யாரைச் சேர்க்க வேண்டும் என்பதற்கான பட்டியலாயிற்று. தெருவே கூடி ஒப்புக்கொண்ட பட்டியலில் போலிப் பெயரைச் சேர்ப்பதும் உண்மையான குடும்பத்தை விடுவதும் எளிதல்ல.

அடுத்த பணி சேமிப்பு. மகிளா மிலன் பெண்கள் நாள்தோறும் குடிசை குடிசையாகச் சென்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வசூலித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வண்ணக் காகிதத் துண்டுகளை அடையாளமாக வைத்துக் கணக்கை நினைவில் நிறுத்தினர். மருந்துக்கும் மாத ரேஷனுக்கும் அந்தப் பணத்திலிருந்து கடன் கிடைத்தது. மீதி வீட்டுக்கென்று சேர்ந்தது. இப்படிச் சேர்ந்த தொகையால் மும்பை விலையில் ஒரு சுவர்கூட எழும்பாது என்பது உண்மைதான். சேமிப்பின் பயன் வேறு. தினமும் வாசலுக்கு வரும் வசூல்காரிக்கு எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் வேலை போயிற்று என்பதெல்லாம் தெரியும். யார் நம்பகமானவர், யார் தலைமை ஏற்கத் தக்கவர் என்பது தெருவுக்கே தெரியவரும். பிற்பாடு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் அமைந்தபோது அவற்றின் கணக்கையும் ஒழுங்கையும் தாங்கியது இந்தப் பழக்கமே.

வீட்டின் வடிவம்

வீட்டின் அளவையும் பெண்களே திட்டமிட்டனர். சேலைகளைப் பிடித்து அறைகளின் நீள அகலத்தையும் உயரத்தையும் கணித்தனர். மரச்சட்டமும் துணியும் அட்டையும் கொண்டு முழு அளவு மாதிரி வீடுகளை அமைத்துக் கண்காட்சி வைத்தனர். சிறிய தரைப்பரப்பில் 14 அடி உயரம் இருந்தால் பரண் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைக்கலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. கழிப்பறை வீட்டுக்குள் வேண்டாம், சில குடும்பங்களுக்குப் பொதுவாக வெளியே இருக்கட்டும் என்று பலர் கூறினர். இருக்கும் சிறு இடத்தை அது விழுங்கிவிடும், தண்ணீர் வராத நாளில் நாற்றத்தோடு வாழ வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். வரைபடத்தை மட்டும் பார்க்கும் பொறியாளருக்கு இது பின்னடைவாகத் தோன்றலாம். தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்தவருக்கு அது கணக்கு.

மறுகுடியமர்வு

இந்த ஆயத்தங்கள் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது ரயில் பாதை ஓரத்தில். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளால் ரயில்கள் வேகம் குறைத்துச் செல்ல வேண்டியிருந்தது; குடிசைவாசிகளின் பிள்ளைகள் சக்கரத்துக்கு அருகிலேயே வளர்ந்தனர். உலக வங்கிக் கடனில் மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் வரவிருந்தபோது, மாற்றிடம் தராமல் எவரையும் அகற்றக் கூடாது என்ற நிபந்தனை எழுந்தது. மகாராஷ்டிர அரசு 1997-இல் அதற்கெனக் கொள்கை வகுத்தது. ஏற்கெனவே கணக்கும் சங்கங்களும் தயாராக இருந்ததால், ஏறத்தாழ 60,000 பேர் வன்முறையின்றி இடம்பெயர முடிந்தது. முன்பு ஒரே வரிசையில் இருந்த குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்தே சென்றன. பலர் முதலில் தற்காலிக வீடுகளிலும் பின்னர் 225 சதுர அடி நிரந்தர வீடுகளிலும் குடியேறினர். இதே நகரில் 2000 பிப்ரவரியில் ரயில்வே நிர்வாகம் முன்னேற்பாடின்றிக் குடிசைகளை இடித்தபோது தெருவில் நின்ற குடும்பங்களின் நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1995-இல் மாநிலக் குடிசை மறுவாழ்வுத் திட்டம் நடைபாதைவாசிகளையும் தகுதியுடையோராக ஏற்றது. பைகுல்லா பெண்களில் ஒரு பகுதியினர் மான்குர்தில் தங்கள் திட்டப்படி எழுந்த மிலன் நகரில் 2000-களில் குடியேறினர்.

எதிர்வாதங்கள்

இம்முயற்சிமீது வைக்கப்படும் முதல் குறை, அது அரசின் கடமையை ஏழைகள் தலையில் ஏற்றுகிறது என்பது. இக்குறையில் உண்மை உண்டு. போக்குவரத்துத் திட்டத்தின் சாலைப் பகுதியில் பாதிக்கப்பட்டோர் 2004-இல் அளித்த புகார்களை ஆராய்ந்த உலக வங்கியின் ஆய்வுக் குழு, மறுகுடியமர்வில் கடும் குறைகளைக் கண்டது. 2006 மார்ச்சில் வங்கி அப்பகுதிக்கான நிதியைச் சில மாதங்கள் நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பொறுப்பைத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்து அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே அதன் படிப்பினை. ஆனால் இதிலிருந்து மக்கள் பங்கேற்பு வேண்டாம் என்ற முடிவு பிறக்காது. பல ஆண்டுகள் சேமித்து, எண்ணி, பழகிய ரயில் ஓரச் சமூகங்களில் நன்றாக நடந்த ஏற்பாடு, அந்த அடித்தளம் இல்லாத சாலையோரக் கடைக்காரர்களிடமும் குடும்பங்களிடமும் அவசரமாகத் திணிக்கப்பட்டபோது தடுமாறியது. அடித்தளம் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிடும்போது அடித்தளத்தின் தேவைதான் மெய்ப்படுகிறது.

இரண்டாவது குறை வீடுகளின் தரம். மான்குர்து, கோவண்டி வட்டாரத்தின் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் ஆகியவற்றில் அடுக்குமாடிகள் காற்றும் வெளிச்சமும் புகாதபடி நெருங்கி நிற்கின்றன. அங்கே காசநோய்ப் பரவலை இந்நெருக்கத்தோடு தொடர்புபடுத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. இவ்வீடுகளைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களுக்குக் கூலி பெரும்பாலும் கட்டுமான உரிமைச் சலுகையாக வந்தது. குறைந்த நிலத்தில் அதிக வீடு என்பது அவர்களுக்கு ஆதாயம். கட்டட இடைவெளி விதிகள் அவர்களுக்காகத் தளர்த்தப்பட்டன. பெண்கள் சேலையால் அளந்து காட்டிய உயரத்துக்கோ பொதுவெளிக்கோ அங்கே இடமிருக்கவில்லை. ஆகவே இது மக்கள் வடிவமைத்ததால் வந்த கேடு அல்ல. அவர்களின் வடிவம் ஒதுக்கப்பட்டதால் வந்த கேடு.

மூன்றாவது, இது மிக மெதுவானது என்பது. பைகுல்லா பெண்கள் மிலன் நகரை அடைய ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி நிலம் ஒதுக்கக் காத்திருந்ததில் கழிந்தது. பட்டியலும் வடிவமும் சங்கமும் அவர்களிடம் முன்பே தயாராக இருந்தன. தாமதத்தின் முகவரி அரசு அலுவலகமே.

பரவலும் மதிப்பீடும்

மும்பையின் கணக்கெடுப்பும் சேமிப்பும் பிற நாடுகளின் குடிசைப் பகுதிகளுக்குப் பரவின. தென்னாப்பிரிக்கக் கூட்டமைப்புகளோடு ஏற்பட்ட பரிமாற்றத்தின் பயனாக 1996-இல் பன்னாட்டுக் குடிசைவாசிகள் அமைப்பு உருவாயிற்று. ஜோக்கின் அற்புதம் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2018 அக்டோபர் 13 அன்று மறைந்தார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் 17.7 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரங்களில் இருந்தனர். குடிசைகளில் வாழ்வோர் இக்கணக்கில் சேரவில்லை. வீடற்றோருக்கென நகராட்சிகள் ஒப்பந்தப்புள்ளி கோருமுன், தெருவோர் எடுத்த கணக்கைப் பட்டியலாக ஏற்க வேண்டும். வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில் நிலம் ஒதுக்க வேண்டும். வரைபடத்துக்குக் குடியேறுவோரின் ஒப்புதல் பெற வேண்டும். இம்மூன்றுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. இவற்றைத் தவிர்த்துக் கட்டும் வீடுகளுக்கே செலவு அதிகம்.