சுயபூட்டு நட்

சுயபூட்டு நட் என்பது, அதிர்வினால் போல்ட்டை விட்டுத் தானாகக் கழன்றுவிடாதபடி தன் மரையிலேயே கூடுதல் பிடிப்பு அமைந்த நட். சாதாரண நட் இறுகி நிற்கும்வரைதான் உராய்வு அதைக் காக்கும்; இறுக்கம் தளர்ந்தால் விரலாலேயே சுழன்றுவிடும். சுயபூட்டு நட், இறுக்கம் முழுவதும் போன பிறகும் சுழற்சியைத் தடுக்கும். பட்டறைகளில் இதை லாக் நட் என்றும், நைலான் வளையம் உள்ளதை நைலாக் நட் என்றும் சொல்வர்.

முன்னோடிகள்

19ஆம் நூற்றாண்டு இயந்திரங்களில் ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டை வைத்து இறுக்குவது வழக்கம். பின்னர், தலைப்பகுதியில் வெட்டுகள் கொண்ட காசில் நட்டும், அவ்வெட்டு வழியாகப் போல்ட்டின் துளையில் செருகி வளைக்கும் ஸ்பிளிட் பின்னும் பரவின. துளையிட்ட போல்ட் தலைகளைக் கம்பியால் முறுக்கிப் பிணைப்பதும் உண்டு. இவை நம்பகமானவை, ஆனால் ஒவ்வொரு போல்ட்டிலும் துளை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கைவேலை வேண்டும். 1930களில் உலோக விமானங்களின் உற்பத்தி பெருகியபோது இந்த வேலைச் சுமை பெரிதாயிற்று.

இழை வளையமும் நைலானும்

அதே பத்தாண்டில் அமெரிக்காவின் எலாஸ்டிக் ஸ்டாப் நட் கார்ப்பரேஷன், சுவீடனில் தோன்றிய ஒரு வடிவமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நட்டின் மேல்முனையில் மரை வெட்டப்படாத செந்நிற இழை வளையம் இருக்கும். அதன் உள்விட்டம் போல்ட்டைவிடச் சிறியது. போல்ட் நுழையும்போது வளையம் அழுந்தி, மரையை இறுகப் பற்றும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் இது பெருமளவில் பயன்பட்டது. டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய நைலான், பிற்காலத்தில் இழையின் இடத்தைப் பிடித்தது. நைலான் வளையத்தின் வெப்ப எல்லை சுமார் 120 டிகிரி செல்சியஸ்.

முழு உலோக வகை

எஞ்சின் அருகே நைலான் இளகிப் பிடிப்பை இழக்கும் என்பதால் முழு உலோக நட்டுகள் தேவைப்பட்டன. இவற்றில் மேல்முனை நீள்வட்டமாக நசுக்கப்பட்டிருக்கும், அல்லது பிளவுபடுத்தி உள்நோக்கி வளைக்கப்பட்டிருக்கும். உலோகத்தின் மீள்தன்மையே பிடிப்பைத் தருகிறது. காட்மியம் பூசிய எஃகு நட்டுகள் 232 டிகிரி வரை பயன்படுகின்றன. அதற்கு மேல், மரை ஒட்டிப்பிடிக்காமல் இருக்க வெள்ளி பூசிய வெப்பத்தாங்கு உலோகக்கலவை நட்டுகள் சுமார் 650 டிகிரி வரை தாங்கும். சூட்டில் டைட்டேனியத்தை நொறுங்கச் செய்யும் என்பதால் காட்மியத்தை அதன்மேல் படவிடுவதில்லை. வெற்றிடத்தில் ஆவியாகும் என்பதால் விண்கலங்களிலும் தவிர்க்கின்றனர்.

யுங்கரின் ஆய்வு

நட் ஏன் கழல்கிறது என்பதற்குத் தெளிவான விடையை 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் வெளியிட்டார். போல்ட்டின் நீளவாக்கிலான அதிர்வைவிட, அதற்குக் குறுக்கான அசைவே பெரும் காரணம் என்று அவர் காட்டினார். இணைந்த தகடுகள் பக்கவாட்டில் நழுவும்போது மரையின் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. நட் சிறிது சிறிதாகப் பின்னோக்கிச் சுழல்கிறது. அவர் அமைத்த சோதனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சுயபூட்டு நட் முற்றிலும் கழன்று விழாமல் காக்கும், ஆனால் இறுக்கம் குறைவதை எப்போதும் தடுத்துவிடாது என்பதை இச்சோதனை வெளிப்படுத்தியது. தகடுகளை நழுவவிடாத அளவுக்குப் போல்ட்டை இழுத்து இறுக்குவதே முதல் பாதுகாப்பு.

தேர்வு முறை

முதலில் வெப்பநிலையும் அடுத்து பூச்சும் பார்க்கப்படுகின்றன. இயங்கும்போது சுழலக்கூடிய போல்ட்டில் சுயபூட்டு நட்டை மட்டும் நம்பக்கூடாது. ஸ்பிளிட் பின் போன்ற, உராய்வைச் சாராத பூட்டும் வேண்டும் என்பது அமெரிக்க விமான விதி. நட்டின் உள்தடையைக் கடக்கச் செலவாகும் விசை தகடுகளை இறுக்க உதவாது. ஆகவே அதை அளந்து, டார்க் ரெஞ்சில் வைக்கும் அளவோடு கூட்ட வேண்டும். வானூர்தித் தர நட் 15 முறை மாட்டிக் கழற்றப்பட்ட பிறகும் பிடிப்பைக் காட்ட வேண்டும். பராமரிப்பில் அரை அங்குல நட்டுக்குக் குறைந்தது 10 அங்குல-பவுண்டு தடை இருக்க வேண்டும். இந்தத் தடையை நட் இழந்திருந்தால் அதை மீண்டும் மாட்டக்கூடாது. இறுக்கிய பின் போல்ட்டின் முனை வளையத்தைக் கடந்து வெளியே தெரிவதும் அவசியம்.

வரம்பு

2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நாஹா விமான நிலையத்தில் சைனா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்று தரையிறங்கிய பின் தீப்பிடித்தது. இறக்கையின் முன்விளிம்பில் நகரும் ஸ்லாட் என்ற மடலின் தண்டவாளத்தில் இருந்து பிரிந்த ஒரு போல்ட், எரிபொருள் தொட்டியைத் துளைத்திருந்தது. சுமார் ஒன்றரை மாதத்துக்கு முன், நட் தளராமல் காப்பதற்காகச் செய்த பராமரிப்பின்போதே நட்டின் பக்கத்து வாஷர் விழுந்துபோயிருந்தது. போல்ட் செல்லும் துளையைவிட நட் சிறியது. வாஷர் இல்லாததால் போல்ட் நட்டோடு சேர்ந்தே நழுவிற்று. விமானத்தில் இருந்த 165 பேரும் உயிர் தப்பினர். நட்டைத் தேர்ந்தெடுக்கும்போது போல்ட், வாஷர், துளை ஆகியவற்றையும் ஒரே தொகுதியாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இவ்விபத்து சான்று.