ஆட்டிறைச்சிக் கறிக்கு எந்த வைன்?

ஜேர்மனிக்கு வந்த புதிதில், கூட வேலை செய்யும் ஜேர்மன் நண்பர் ஒருவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். 'இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை' என்பதுதான் அப்போது என் வைன் அறிவு. விலை கூடிய போர்தோ சிவப்பு வைனை உறைப்பான ஆட்டிறைச்சிக் கறியோடு வைத்தேன். மனிதர் இரண்டு மிடறோடு தண்ணீருக்கு மாறிவிட்டார்.

சிவப்பு வைன் திராட்சைத் தோலோடும் விதையோடும் நொதிப்பது. அவற்றிலிருந்து இறங்கும் டானின், கடும் சாயத் தேநீர்போல நாக்கைத் துவர்க்க வைக்கும். கொழுப்புள்ள, உறைப்பில்லாத மாட்டிறைச்சிக்கு அது இதம். மிளகாயோடு சேர்ந்தால் அந்தத் துவர்ப்பும் 13, 14 வீத மதுசாரமும் எரிச்சலைக் கூட்டிவிடும்.

எங்கள் கறிகளுக்கு வேண்டியது கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு, குறைந்த மதுசாரம். மோசெல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் இந்த மூன்றும் உண்டு. போத்தலில் 'கபினெட்' என்றும், மதுசாரம் 8 முதல் 10 வீதம் என்றும் இருந்தால் எடுக்கலாம். 'ட்ரொக்கன்' என்றிருந்தால் இனிப்பிராது. லீட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சீனி இருக்கக்கூடாது என்பது விதி. 'ஹல்ப்ட்ரொக்கன்' 18 கிராம் வரை போகும்.

மீன் விதி அவ்வளவு பிழையில்லை. சிவப்பு வைனிலுள்ள இரும்புச்சத்தே வாயில் மீன் வெடுக்கைக் கிளப்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். புளிக்குழம்பென்றால் வைனின் புளிப்பு குழம்பினதைவிடக் குறையக்கூடாது, சப்பென்றாகிவிடும். தயிர்ச்சோற்றுக்கு நான் எதையும் தேடவில்லை.

அடுத்தமுறை அதே கறிக்கு ரீஸ்லிங் வைத்தேன். நண்பர் கறியை மறுபடி கேட்டு வாங்கினார்.