ரக் இறக்குமதி பண்ணப்போறீங்களா? முதல்ல அதைத் திருப்பிப் பாருங்க!

துருக்கியில் இருந்து பாலிப்ரொப்பிலீன் ரக் வரவழைச்சு இன்ஸ்டாவில் விற்கலாம்னு பிளான் இருக்கா? டிசைன், சைஸ், விலை எல்லாம் சப்ளையரிடம் கேட்டிருப்பீங்க. 'இதை எப்படித் தயாரிச்சீங்க?' என்று கேட்டீர்களா? உங்க சரக்கு சுங்க அட்டவணையில் எங்கே உட்காரும் என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

சரக்குக்காகத் தாக்கல் செய்யும் 'பில் ஆஃப் என்ட்ரி'யில் ஒரு 8 இலக்க எண்ணைக் குறிப்பிட வேண்டும். முதல் 6 இலக்கங்கள், 1988 முதல் நடைமுறையில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பின் பொது அட்டவணை. கடைசி 2 இந்தியா சேர்த்தது. இதில் 57-வது அத்தியாயம் முழுக்க தரைவிரிப்புகளுக்குத்தான். 'சிந்தெடிக்கா, கம்பளியா?' என்பது அங்கே இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தயாரிப்பு முறை.

அதனால் ரக்கைத் திருப்பிப் போடுங்க. முன்பக்க டிசைன் பின்னாடியும் தெரிந்து, பாவும் ஊடையும் கண்ணுக்குப் பட்டால் அது பெரும்பாலும் தறியில் நெய்தது, 5702. மெஷினில் நெய்த, இழை எழும்பி நிற்கும், ஓரம் தைத்து முடித்த சிந்தெடிக் ரக் 5702.42-க்குப் போகும். கையால் முடிச்சுப் போட்டது என்றால் 5701. பின்னாடி பசை தடவி, துணி ஒட்டியிருக்கா? ஏற்கெனவே இருக்கும் ஒரு துணியில் ஊசியால் இழைகளைக் குத்தி ஏற்றிய 'டஃப்டட்' வகையாக இருக்கலாம்; அது 5703. நெசவே இல்லாமல் அழுத்திச் செய்த ஃபெல்ட் என்றால் 5704. 'ஷேகி ரக்' என்பது கடைப் பெயர் மட்டும்தான். அது நெய்ததாகவும் இருக்கலாம், டஃப்டட் ஆகவும் இருக்கலாம்.

பால்கனிக்கு வாங்கும் செயற்கைப் புல்லும் டஃப்டட் என்றால் 5703-தான். 2022-ல் இதற்குத் தனி எண்ணே வந்துவிட்டது: நைலான் புல்லுக்கு 5703.21, மற்ற செயற்கை இழைக்கு 5703.31.

கார்ப்பெட் மாதிரி, ஆனா கார்ப்பெட் இல்ல!

நாம் மிதிக்கும் மேற்பரப்பு ஜவுளியாக இருந்தால்தான் 57-வது அத்தியாயம். நம்ம ஊர்க் கடைகளில் ரோலாக நிற்கும் 'பி.வி.சி கார்ப்பெட்'டை மிதித்தால் கால் படுவது பிளாஸ்டிக்கில். அதன் இடம் 3918. ரப்பர் மேட் 4016.

பிளாஸ்டிக் பாய்தான் சுவாரஸ்யம். அதை நெய்த பட்டையின் அகலம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது ஜவுளி. தாண்டிவிட்டால், கோரைப்பாய் இருக்கும் 46-வது அத்தியாயத்துக்குப் போய்விடும். ஸ்கேல் வைத்து அளக்கவேண்டிய விஷயம்!

கார் மேட் கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. 'இது கார் உதிரிபாகம், 8708' என்றது கலால் துறை. 'இது தரைவிரிப்பு, 57' என்றது தயாரிப்பு நிறுவனம். 2020 மே மாதத் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் வந்தது. காருக்கென்றே வெட்டித் தைத்திருந்தாலும் கார்ப்பெட், கார்ப்பெட்தான்.

தப்பான எண் போட்டால்?

எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு 2011 முதல் உங்களுடையது. 'சப்ளையர் இன்வாய்ஸில் அப்படித்தான் இருந்தது' என்று தப்பிக்க முடியாது. வரி குறைந்திருந்தால் சாதாரணமாக 2 வருடங்கள் வரை நோட்டீஸ் வரலாம். தெரிந்தே தவறாகச் சொன்னதாகக் கருதினால் 5 வருடங்கள் வரை. அதற்குள் ரக்கெல்லாம் விற்று, லாபமும் செலவாகியிருக்கும். அடிப்படைச் சுங்கவரி கூடினால் அதோடு நிற்பதில்லை. அதன்மேல் 10% சமூக நல சர்சார்ஜ், பிறகு இவை எல்லாம் சேர்ந்த மதிப்பின்மேல் ஐ.ஜி.எஸ்.டி.

சந்தேகம் இருந்தால், சரக்கு கிளம்பும் முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. 3 மாதங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், ஃபேக்டரியிடம் தயாரிப்பு முறை, மேல் இழை என்ன, பின்பக்கம் என்ன, சதுர மீட்டருக்கு எவ்வளவு எடை என்று எழுத்தில் வாங்கி, ஒரு சாம்பிளோடு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கொடுங்க. பணம் அனுப்பிய பிறகு கேட்டால் பதில் மெதுவாகத்தான் வரும்.

விற்பனைக்கு இல்லை, வீட்டு ஹாலுக்கு ஒரே ஒரு ரக் மட்டும் தபாலிலோ விமானத்திலோ வருதா? சொந்த உபயோகப் பொருள்களுக்கு 9804 என்று தனி எண்ணும் தனி வரி விகிதமும் இருக்கின்றன. ஆர்டர் பட்டனைத் தட்டும் முன் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கோங்க.