நூத்தி இருபத்தஞ்சாவது ஆன்டிபாடியும் கோஷா ஆஸ்பத்திரியும்

மானகிரியிலேர்ந்து பெரியம்மா போன். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்ல தானா சேர்ந்து வந்த டெஸ்ட் ஒண்ணு. "தம்பி, சி.ஏ. 125னு போட்டு 68னு வந்துருக்குப்பா. 125க்கு 68னா பாஸ்தானே?"

சிரிக்கவும் முடியல, சொல்லவும் முடியல. 35-ஐத் தாண்டினாலே தடித்த எழுத்துல அடிச்சுத் தர்ற சமாச்சாரம் அது. சினைப்பைப் புற்றுநோயா இருக்குமோன்னு ரெண்டு வாரம் வீட்டுல யாரும் சரியாத் தூங்கல. எனக்குப் பொட்டி தட்டத்தான் தெரியும். ஆனா பயத்துல தேடித்தேடிப் படிச்சதுல ஒரு வரலாறு மாட்டுச்சு.

முதல்ல, அந்த 125 மொத்த மார்க் இல்லீங்க. வெறும் வரிசை எண்! 1975-ல கோலரும் மில்ஸ்டீனும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஆன்டிபாடிகளைத் தயாரிக்க வழி கண்டுபிடிச்சாங்க. பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துல ராபர்ட் பாஸ்டும் ராபர்ட் நாப்பும் சினைப்பைப் புற்றணுக்களை எலிக்குச் செலுத்தி, கிடைச்ச ஆன்டிபாடிகளை ஒவ்வொண்ணா ஒட்டிப் பார்த்தாங்க. 125-ஆவது சரியா ஒட்டுச்சு. 1981-ல கட்டுரை வெளியாச்சு. அது எந்தப் புரதத்துல ஒட்டுதுன்னு தெரிய இன்னும் இருபது வருஷம் ஆச்சு. 2001-லதான் மக்16-ங்கற ராட்சசப் புரதம்னு மரபணுவோட பிடிபட்டது. (ப்ரொடக்‌ஷன்ல ஓடவிட்டுட்டு இருபது வருஷம் கழிச்சு டாக்குமென்ட் எழுதின கதை. நம்ம ஆபீஸ்ல நடக்காததா?)

உயிரணுவுக்கு வெளியே முடி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிற புரதம் இது. நுனி அறுந்து ரத்தத்துல கலக்கும். அதைத்தான் டெஸ்ட் எண்ணுது. வம்பு என்னன்னா, நல்ல திசுக்கள்லயும் இது உண்டு. மாதவிலக்கு, கர்ப்பப்பை நார்க்கட்டி, வயித்துல வர்ற காசநோய், எதுலயும் ஏறும். நோயோட முதல் கட்டத்துல பாதிப் பேருக்கு ஏறவே ஏறாது. நோய் உறுதியானவங்களுக்கு மருந்து கேக்குதான்னு பார்க்க அருமையான கருவி. ஆரோக்கியமானவங்களைச் சலிச்செடுக்க? பிரிட்டன்ல 2001-லேர்ந்து 2 லட்சத்துக்கு மேல பெண்களைச் சேர்த்து, வருஷக்கணக்கா பார்த்து, 2021-ல முடிவு சொன்னாங்க: இந்தச் சலிப்பால சாவு குறையலை. அப்புறம் எதுக்கய்யா இதைப் பேக்கேஜ்ல சேர்க்கறீங்க?

இதே புற்றணு மேல இன்னொரு புரதம் இருக்கு. ஃபோலிக் ஆசிடைப் பிடிச்சு உள்ளே இழுக்குற ஏற்பி. அந்த ஃபோலிக் ஆசிட் கதை கிளம்புறது நம்ம பக்கம்! லூசி வில்ஸ்னு ஒரு டாக்டரம்மா, 1928-ல பம்பாய்க்கு வந்தாங்க, கர்ப்பிணிகளுக்கு வர்ற ரத்தசோகையை ஆராய. அப்புறம் குன்னூர் ஆய்வுக்கூடத்துல எலிகளோட வேலை. 1931-ல சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலயும் இருந்தாங்க. மார்மைட்னு ஈஸ்ட் சாறு கொடுத்தா ரத்தம் ஊறுதுன்னு அவங்க கண்டதுக்குக் காரணமான பொருள்தான் பின்னாடி ஃபோலிக் ஆசிட் ஆச்சு. அதைச் செயற்கையா தயாரிச்ச குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ். அதையே ஏமாத்துற அமினோப்டெரின் மருந்தும் அவரோட குழுதான். அதை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து 1948-ல எழுதினவர் யாரு? மேலே பாஸ்டன் நிலையத்துக்குப் பேர் கொடுத்த அதே சிட்னி ஃபார்பர்!

1987-ல மிலன்ல இதே எலி வித்தையால சினைப்பைப் புற்றணுவுக்கு ரெண்டு ஆன்டிபாடி எடுத்தாங்க. எதுல ஒட்டுதுன்னு 1991-ல பார்த்தா, ஃபோலிக் ஆசிட் ஏற்பி. தேடிப்போகலை, தானா வந்து நின்னுச்சு. அந்த வாசல் வழியா விஷத்தை அனுப்பினா? சில மருந்துகள் தோத்துப்போச்சு. ஆன்டிபாடி முதுகுல விஷத்தைக் கட்டி அனுப்புற மிர்வெடுக்சிமாபுக்கு 2022-ல அமெரிக்காவுல தற்காலிக அனுமதி, 2024-ல முழு அனுமதி. பிளாட்டினம் மருந்து கைவிட்டு, இந்த ஏற்பி நிறைய உள்ளவங்களுக்கு, சராசரி ஆயுள் 13 மாசத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது, 16 மாசத்துக்கு மேல ஆச்சு. கண்ணைப் பாதிக்கும். மூணு நாலு மாசம்தானான்னு தோணும். அந்த ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

பெரியம்மாவுக்கு ஸ்கேன்ல நார்க்கட்டிதான். குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துக்கிட்டது தனிக்கணக்கு. இந்தக் கதையெல்லாம் சொன்னேன். "நம்ம கோஷா ஆஸ்பத்திரியிலயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அவங்க அம்மா அங்கதான் பொறந்தாங்களாம்.