ஒரு வெல்ஷ் உழவரும் மூன்று தலைமுறைகளும்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தோரின் வாழ்வை, அவர்கள் ஈட்டிய பொருளைக் கொண்டு அளப்பதே உலக வழக்கம். ஆயின் அவர்கள் எதைச் சுமந்து சென்றனர், அதில் எது பேரப்பிள்ளைகள் வரை நின்றது என்று கேட்டால் வேறொரு வரலாறு விரியும். வேல்ஸ் நாட்டிலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறிய ரிச்சர்ட் லாயிட் ஜோன்ஸ் (1799–1885) என்னும் உழவரின் வாழ்வை அக்கண் கொண்டு நாம் நோக்குவோம்.

கார்டிகன்ஷயரில் லாண்டிசுல் என்னும் ஊர்ப்பகுதியைச் சேர்ந்தவர் அவர். உழவோடு தொப்பி செய்யும் கைத்தொழிலும் அறிந்தவர். ஓய்வுநாளில் சமயவுரையும் ஆற்றுவார். அக்காலத்து வெல்ஷ் உழவருள் பெரும்பாலோர் குத்தகைக்காரர். குத்தகையும் சாலைச் சுங்கமும் நெருக்கியது போதாதென்று, தாம் சேராத ஆங்கிலத் திருச்சபைக்கும் அவர்கள் வரி செலுத்த வேண்டியிருந்தது. 1839 முதல் 1843 வரை உழவர்கள் பெண்வேடம் பூண்டு, இரவில் சுங்கக் கதவுகளைத் தகர்த்த ‘ரெபேக்கா கலகம்’ இக்கொதிப்பின் விளைவே. ரிச்சர்டோ, இறைவன் ஒருவனே என்னும் யூனிட்டேரியன் கொள்கையினர். ஏனைய கிறித்தவராலும் ஐயத்தோடு நோக்கப்பட்டவர்.

1844இல் மனைவி மேரியுடனும் ஏழு குழந்தைகளுடனும் அவர் கப்பலேறினார். அவர்களுள் ஜெங்கின் என்பவன் 1843 நவம்பரில் பிறந்த கைக்குழந்தை. விஸ்கான்சினை அடையுமுன்பே மூன்று வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். அவளை முன்பின் அறியாத மண்ணில் அடக்கம் செய்துவிட்டு மற்றவர்கள் மேலே சென்றனர். புதிய நாடு முதலில் கேட்ட விலை அது.

விஸ்கான்சின் அப்போது மாநிலத் தகுதியும் பெறவில்லை, 1848இல்தான் பெற்றது. அரசு நிலம் ஏக்கர் 1.25 டாலருக்குக் கிடைத்த காலம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தை உழுதவர்களுக்கு இஃது எத்தகைய ஈர்ப்பு என்பதை நாம் உணரலாம். அதே மாநிலத்தில் ஹோ-சங்க் என்னும் பழங்குடியினர், 1829, 1832, 1837 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் தம் நிலங்களை இழந்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஒருவர் குடியேற்றம் மற்றொருவர் வெளியேற்றமாகவும் இருந்தது.

முதலில் இக்ஸோனியா என்னும் இடத்தில் காடு திருத்திப் பயிர் செய்தனர். அமெரிக்காவில் மேலும் நால்வர் பிறக்கவே மக்கள் பதின்மராயினர். பின்னர் 1860களில், ஸ்பிரிங் கிரீன் ஊருக்கு அருகே, விஸ்கான்சின் ஆற்றின் தென்புறப் பள்ளத்தாக்கில் இக்குடும்பம் நிலைகொண்டது. உடன்பிறந்தோர் அடுத்தடுத்துப் பண்ணை அமைத்தனர். ‘உலகே எதிர்ப்பினும் மெய்ம்மை’ என்னும் பொருள்தரும் வெல்ஷ் முதுமொழியைத் தம் குடிச்சின்னமாகக் கொண்டனர். ரிச்சர்ட் மறைந்த மறு ஆண்டு, 1886இல், அப்பள்ளத்தாக்கில் சிறு வழிபாட்டுக் கூடம் எழுந்தது. 1887இல் ஜேன், எல்லென் என்னும் இரு பெண்மக்களும் தந்தையின் நிலத்திலேயே ஆண்பெண் இருபாலாரும் சேர்ந்து பயிலும் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினர்.

கைக்குழந்தையாக வந்த ஜெங்கின் உள்நாட்டுப் போரில் பீரங்கிப் படைவீரராகப் பணியாற்றினார். பின்னர் சிகாகோவில் புகழ்பெற்ற சமயப் பேச்சாளரானார். 1893இல் அங்கே கூடிய உலக சமயப் பேரவையை அமைத்த குழுவின் செயலாளர் அவரே. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பொருள் திரட்டி விவேகானந்தரை அனுப்பிய பேரவை அதுதான். வெல்ஷ் உழவரின் மகன் அமைக்க உதவிய மேடையில், சென்னை மக்களின் காசால் கடல் கடந்த துறவி பேசினார்!

மற்றொரு மகளான அன்னாவின் மைந்தரே, 1867இல் பிறந்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். இளமையில் கோடைதோறும் தாய்மாமன் ஜேம்ஸின் பண்ணையில் உழைத்தவர் அவர். 1911இல் அதே பள்ளத்தாக்கில், குன்றின் உச்சியை விட்டு நெற்றி போன்ற சரிவில் இல்லம் எழுப்பினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘தாலீசின்’. பழைய வெல்ஷ் புலவர் ஒருவரின் பெயர் அது. ‘ஒளிரும் நெற்றி’ என்பது பொருள். 2019இல் அவ்வில்லம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

இனி, மொழியின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க வெல்ஷ் மக்கள் 1851லேயே நியூயார்க்கில், ‘கண்ணாடி’ என்று பொருள்படும் பெயரில் தாய்மொழி இதழ் தொடங்கினர். காலப்போக்கில் அவ்விதழும் ஆங்கிலத்துக்கு மாறிற்று. தாய்நாட்டிலோ, 2021 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 5 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வெல்ஷ் பேசுகின்றனர். லாயிட் ஜோன்ஸ் குடும்பத்தில் நிலம் நின்றது, கல்விப்பற்று நின்றது, கொள்கையுறுதியும் நின்றது. தாத்தாவுக்கு வீட்டு மொழியாக இருந்ததோ பேரனுக்கு வீட்டின் பெயராக மட்டும் எஞ்சியது.

பெயர் எஞ்சியதும் பேறே. அஃதும் இன்றி மறைந்த குடிகள் உலகில் பல. எனினும், செந்தமிழ்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு, ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைப் பெற்றோர் படித்துச் சொல்லக் கேட்கும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் உள்ளனர். இரண்டாம் தலைமுறையிலேயே விழித்துக்கொண்டால், மூன்றாம் தலைமுறைக்குப் பெயரோடு மொழியையும் நாம் கொடுத்துச் செல்லலாம்.